கேமரா போச்சுன்னு கடைக்கு ஓடாதீங்க: ஷட்டர் ஸ்பீடு சொதப்பலுக்கு கைவைத்தியம்

ஞாயித்துக்கிழமை காலைல வேலூர் கோட்டை அகழி ஓரமா கேமராவ மாட்டிகினு சுத்தற நாலஞ்சு பேர்ல நானும் ஒருத்தன். யாருக்கும் இது பொழப்பு இல்ல, ஒருத்தன் மெடிக்கல் ஷாப்புல இருக்கான், ஒருத்தன் காலேஜ் படிக்கிறான், நான் ஆபீஸ்ல கணக்கு எழுதறவன். கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சவன்கறதால ராத்திரி பத்து மணிக்கு மேல என் வாட்ஸப்புல ஒரு போட்டோ வந்து விழும், கீழயே "அண்ணா இன்னா ஆச்சு இதுக்கு, கேமரா போச்சா"ன்னு ஒரு மெசேஜ். ஆட்டோ மோட விட்டு எஸ் மோடுக்கு, கேனான்னா டிவி மோடுக்கு, மாறி ஷட்டர் ஸ்பீட, அதாவது சென்சார் மேல வெளிச்சம் விழற நேரத்த, நாமளே நோண்ட ஆரம்பிச்ச மொத மாசத்துல எவனும் இந்த மெசேஜ அனுப்பாம இருந்ததில்ல. இத்தன வருஷத்துல நெஜமாவே ரிப்பேருக்கு போனது ரெண்டே ரெண்டு கேஸு. மத்ததெல்லாம் ஏதோ ஒரு நம்பரையோ ஒரு சுவிட்சையோ மாத்துனதோட முடிஞ்சுபோச்சு. திரும்பத் திரும்ப அதே பதில டைப் பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம், அதான் ஒரே எடத்துல எழுதி வெக்கறேன்.

எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல இது

படத்த கேமராவுலயே தொறந்து விவரத்த பாருங்க: ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டையோட அளவு, எஃப் நம்பர் பெருசானா ஓட்ட சின்னது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்த ஏத்திக் காட்டற அளவு). வேற யாருக்காவது காட்டி கேக்கப்போறீங்கன்னா வாட்ஸப்புல போட்டோவா அனுப்பாதீங்க, அந்த விவரமெல்லாம் உதுந்துபோயிடும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

அப்பறம் அந்த ரெண்டு கொம்பு. வியூஃபைண்டர்ல (கண்ண வெச்சு பாக்கற ஓட்டையில) வெறும் 4ன்னு இருந்தா அது கால் செகண்டு. 4" அப்டின்னு பக்கத்துல ரெண்டு கொம்பு இருந்தா நாலு முழு செகண்டு. 30க்கும் 30"க்கும் நடுவுல 900 மடங்கு வித்தியாசம். ஒருத்தன் மட்ட மத்தியானத்துல ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்த வெளியில நின்னு எடுத்துட்டு படம் மொத்தமும் வெள்ள பேப்பரா வருதுன்னு சென்சாரையே சந்தேகப்பட்டான், பாத்தா 30". கிளிக்குன்னு அழுத்துனதுக்கும் மூடுனதுக்கும் நடுவுல அரை நிமிஷம் ஆச்சேடா, அதுகூடவா தெரியலன்னு கேட்டா, "லோடு ஆவுதுன்னு நெனச்சேண்ணா"ன்றான்.

படம் கலங்கலா வருது

இதுதான் பத்துக்கு ஏழு மெசேஜ். உடனே ஷட்டர ஏத்தாதீங்க, படத்த நல்லா பெருசு பண்ணி பாருங்க, கலங்கல்ல மூணு ஜாதி இருக்கு.

எல்லாமே ஒரே பக்கமா இழுத்த மாதிரி இருக்கா? தெருவிளக்கு, கண்ணுல இருக்கற பளபளப்பு, இந்த மாதிரி புள்ளியா இருக்க வேண்டியதெல்லாம் குட்டி குட்டி புழுவா தெரியுதா? அது உங்க கை. லென்ஸ் எத்தன எம்எம்மோ அத ஒன்றரையால பெருக்குங்க, அந்த நம்பருக்கு கீழ ஷட்டர எறக்காதீங்க. 55ல எடுத்தா 1/80, 250ல எடுத்தா 1/400. பெரிய சென்சார் இருக்கற ஃபுல் ஃப்ரேம் கேமரா வெச்சிருக்கற புண்ணியவான்க பெருக்க வேணாம். முழங்கைய விலாவோட ஒட்டி வெச்சிக்கிங்க, மூச்ச பாதி விட்டுட்டு அழுத்துங்க, லென்ஸ்ல கை ஆட்டத்த கொறைக்கற ஸ்டெபிலைசர் சுவிட்ச் இருந்தா ஆன்ல இருக்கான்னு பாருங்க, பையில போட்டு எடுக்கறப்ப அதுவா தள்ளிக்கினு ஆஃப் ஆயிடும். இதுக்கு மேலயும் வெளிச்சம் பத்தலன்னா ஐஎஸ்ஓவ 1600, 3200ன்னு ஏத்துங்க, தப்பே இல்ல. கொஞ்சம் பொரிபொரியா இருக்கற படத்த பாக்கலாம், ஆடிப்போன படத்த பாக்க முடியாது.

பின்னாடி செவுரு, மரம் எல்லாம் சுத்தமா இருக்கு, ஆளு மட்டும் பேய் மாதிரி இருக்கானா? கை நல்லா இருக்கு, ஷட்டர்தான் பத்தல. ஸ்டெபிலைசர் உங்க கையத்தான் புடிச்சு நிறுத்தும், எதிர்ல ஓடறவன நிறுத்தாது, இத எத்தன தடவ சொன்னாலும் நம்பமாட்டேங்கறாங்க. நடக்கற ஆளுக்கு 1/250, ஓடற கொழந்தைக்கு 1/500, கெணத்துல குதிக்கற பசங்களுக்கு 1/1000. எருது விடற விழாவுக்கு நான் 1/1000க்கு கீழ போவறதே இல்ல, வெயில் நல்லா இருந்தா 1/2000. பொங்கல் முடிஞ்ச கையோட எங்க வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு பக்கம் ஊருக்கு ஊரு மாடு விடறாங்க, மாடு எத்தன செகண்டுல ஓடி முடிக்குதுன்னுதான் அங்க கணக்கே, அந்த வேகத்த 1/250ல புடிக்கப் பாத்தா கொம்புல கட்டுன துணி மட்டும் காத்துல கோடா நிக்கும். நம்ம எதிர்க்க நேரா வர்ற மாட்டுக்கு கம்மி ஸ்பீடு போதும், குறுக்கால ஓடறதுக்குத்தான் அதிகம் வேணும். ஆனா நேரா வர்ற மாட்ட எடுக்கறேன்னு தடுப்புக்கு உள்ள போயி நிக்காதீங்கப்பா, மாட்டுக்கு ஃபோகஸ் லாக் எல்லாம் தெரியாது.

மூணாவது ஜாதி, நீங்க எடுக்க நெனச்சது மங்கல், ஆனா அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற ஏதோ ஒண்ணு கத்தி மாதிரி இருக்கு. இது ஷட்டர் கேஸே இல்ல, ஃபோகஸ். நடு ஃபோகஸ் புள்ளிய மட்டும் வெச்சு எடுத்துப் பாருங்க. அப்பவும் சரியா வரலன்னா செவுத்துல ஒரு நியூஸ்பேப்பர ஒட்டி, கேமராவ ட்ரைபாட்ல வெச்சு, 1/500ல வியூஃபைண்டர் வழியா அஞ்சு, லைவ் வியூவுல (பின்னாடி ஸ்க்ரீன பாத்து) அஞ்சு எடுங்க. லைவ் வியூவுல எடுத்தது மட்டும் அஞ்சும் நல்லா இருந்து, வியூஃபைண்டர்ல எடுத்தது அஞ்சும் மங்கலா இருந்தா ஃபோகஸ் அட்ஜஸ்ட்மெண்ட்டுக்கு சர்வீஸ் சென்டர்தான். பேப்பரோட ஒரு ஓரம் மட்டும் எப்பவும் மங்கலா இருந்தா, கேமரா சரியா பேப்பருக்கு நேரா நின்னதான்னு ஒரு தடவ பாத்துக்குங்க. நின்னும் அப்டிதான்னா லென்ஸ் எங்கயோ கீழ விழுந்திருக்கு, வீட்டுல விசாரிங்க.

அருவிய பாலு மாதிரி எடுக்கப்போனா மொத்தமும் வெளுத்துப்போவுது

மழை முடிஞ்ச கையோட திருப்பத்தூர் பக்கம் ஜலகாம்பாறைக்கோ அமிர்திக்கோ போறது, அங்க பதினொரு மணிக்கு ஷட்டர 1 செகண்டுல வெச்சு அழுத்தறது, வெள்ள சொவர எடுத்துனு வீட்டுக்கு வர்றது. எல்லாரும் பண்ணதுதான், நானும் பண்ணேன்.

காசு செலவில்லாததுல இருந்து வருவோம். ஐஎஸ்ஓ ஆட்டோவுல இருந்தா மொதல்ல அத 100ல நிறுத்துங்க. அப்பர்ச்சர எஃப் 16 வரைக்கும் கொண்டுபோங்க, 22ம் போவலாம், ஆனா 22ல படம் லேசா மொழுக்குன்னு ஆயிடும், சென்சார்ல இருக்கற தூசி எல்லாம் கருப்புப் பொட்டா எந்திரிச்சு நிக்கும். எஸ் மோடுல அப்பர்ச்சர் நம்பர் கண்ண சிமிட்டுதுன்னாலோ, நிக்கான்ல ஹை, லோன்னு எழுத்து வந்தாலோ, இதுக்கு மேல என்னால முடியாதுன்னு கேமரா சொல்லுதுன்னு அர்த்தம். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 22 வெச்சாகூட அது 1/60 கிட்டதான் வந்து நிக்கும், தண்ணி வழவழன்னு வர குறைஞ்சது கால் செகண்டாவது வேணும்.

அதனால அடுத்தது நேரம். காலைல ஏழு மணிக்கு முன்னாடி, இல்லனா மேகம் மூடுன நாளு. பாற நெழல்ல இருக்கறப்ப எஃப் 16ல 1/8, 1/4 எல்லாம் தானா வந்துடும், ஒரு பைசா செலவில்ல.

அதுவும் ஆவலன்னாதான் என்டி ஃபில்டர், லென்ஸ் முன்னாடி மாட்டற கருப்பு கண்ணாடி. என்டி 8ன்னா வெளிச்சம் எட்டுல ஒரு பங்கு, 1/15ல நின்ன ஷட்டர் அரை செகண்டு கிட்ட வரும். என்டி 64 போட்டா அதே 1/15 நாலு செகண்டு. என்டி 1000 பகல்லயே அரை நிமிஷம் போவறதுக்கு, அருவிக்கு அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன், அரை நிமிஷம் தொறந்து வெச்சா தண்ணி தண்ணியாவே தெரியாது, பஞ்சு மூட்டைய அவுத்துக் கொட்டுன மாதிரி இருக்கும். எனக்குப் புடிச்சது கால் செகண்டுல இருந்து 1 செகண்டு வரைக்கும்தான், அதுல நூல் நூலா தெரியும். ஒருத்தன் கூலிங்கிளாஸ லென்ஸ் முன்னாடி புடிச்சு எடுத்தான், ஷட்டர் கொறஞ்சுது, ஆனா அருவி டீ கலர்ல ஊத்துச்சு.

ஃபில்டர் போட்டப்பறம் வர்ற சிக்கல் தனி. ஃபோகஸ் ஆவாம லென்ஸ் முன்னும் பின்னும் அலைஞ்சுதுன்னா, ஃபில்டர கழட்டி, ஃபோகஸ் பண்ணி, லென்ஸ் சுவிட்ச மேனுவலுக்கு தள்ளிட்டு, அப்பால ஃபில்டர திருகுங்க, திருகறப்ப ஃபோகஸ் ரிங்க் சுத்தாம பாத்துக்குங்க. படத்து நடுவுல பெருக்கல் குறி மாதிரி கருப்பா விழுந்தா, அது சுத்தி சுத்தி கருப்பு ஏத்தற வேரியபிள் ஃபில்டரோட கொணம், கடைசி வரைக்கும் சுத்தாதீங்க. டிஎஸ்எல்ஆர்ல நீளமா தொறந்து வெக்கறப்ப படத்துல புரியாத வெளுப்பு பட்ட வந்தா வியூஃபைண்டர் வழியா வெளிச்சம் உள்ள போவுது, கர்சீப்பு போட்டு மூடுங்க.

இவ்ளோ பண்ணியும், எஃப் 5.6ல எடுத்தா சரியா வருது எஃப் 16க்கு போனா மட்டும் கணக்குக்கு மீறி வெளுக்குதுன்னா, லென்ஸுக்குள்ள இருக்கற இதழ் மூடலன்னு சந்தேகப்படலாம். ஷட்டர் 4", அப்பர்ச்சர் எஃப் 16 வெச்சு அழுத்திட்டு லென்ஸ முன்பக்கமா உத்து பாருங்க, ஓட்ட சின்னதா சுருங்கணும். சுருங்கலன்னாலோ மெதுவா சோம்பேறித்தனமா சுருங்குனாலோ இதழ்ல எண்ணெ ஏறியிருக்கு. இத வீட்டுல ஸ்க்ரூ டிரைவர் எடுத்து தொடவே கூடாது, லென்ஸ் மெக்கானிக்கு வேல. என் ரெண்டு கேஸ்ல ஒண்ணு இது.

ட்ரைபாட்ல வெச்சும் ஆடியிருக்கு

வேலூர் கிரீன் சர்க்கிள்ல வண்டி லைட்டு கோடு எடுக்கறேன்னு 10 செகண்டு வெச்சா கட்டடமும் சேந்து ரெட்டையா வருது. இதுக்கு நான் கேக்கற கேள்வி வரிசையா: ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணியா? கையில ஆன்ல இருக்கணும், ட்ரைபாட்ல ஆஃப்ல இருக்கணும். பட்டன விரலால அமுக்குனியா? 2 செகண்டு டைமர் போடு. ஸ்ட்ராப்பு காத்துல ஆடிக்கினு இருந்துச்சா? சுத்தி கட்டு. நடு தண்ட மேல தூக்கி வெச்சியா? எறக்கு, காலுங்கள மட்டும் நீட்டு.

அப்பறம் நிக்கற எடம். காட்பாடி ரயில்வே மேம்பாலத்து மேல பஸ்ஸு போனா பாலமே துள்ளும், மேல நின்னுகினு ட்ரைபாட்ட கொற சொல்லி புண்ணியம் இல்ல, வண்டி போன அப்பறம் நாலு செகண்டு விட்டு அழுத்துங்க, இல்லனா கீழ எறங்கிடுங்க. பாலாத்து மணல்ல காலு மெதுவா பொதையும், 20 செகண்டுல அது எறங்கறது கண்ணுக்குத் தெரியாது படத்துல தெரியும். மூணு காலுக்கும் கீழ தட்ட கல்லு ஒண்ணொண்ணு குடுங்க. வெயிட்டுக்கு பைய தொங்கவிடறது நல்லதுதான், ஆனா பை காத்துல ஊஞ்சலாடுனா அதுவே ஆட்டிவிடும், தரையில லேசா பட்டுகினு இருக்கணும்.

இதெல்லாம் பண்ணியும் ஆடுனா, 300 ரூவா ட்ரைபாட் அது, ரிப்பேர் இல்ல, வேற வாங்கணும்.

படத்துல பட்ட பட்டையா கோடு

சித்ரா பௌர்ணமி புஷ்ப பல்லக்கு அன்னைக்கு ராத்திரி இந்த மெசேஜ் கொத்தா வரும். பல்லக்கு முழுக்க எல்இடி சீரியலு, படத்துல கருப்பும் வெளிச்சமுமா வரி வரியா ஓடியிருக்கும், சில படத்துல பாதி பல்லக்கு அணைஞ்சே இருக்கும்.

நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அதுல எரியற லைட்டு செகண்டுக்கு 100 தடவ ஏறி எறங்கும். ஷட்டர 1/100ல வைங்க, இல்ல 1/50. சைலண்ட் மோடு, எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டிருந்தா உடனே மெக்கானிக்கலுக்கு மாத்துங்க, பாதி கேஸு இதுலயே முடியும். ஆன்டி ஃப்ளிக்கர்னு மெனுவுல இருந்தா ஆன். போன்ல எடுக்கறவங்க ப்ரோ மோடுல அதே 1/50 வெச்சா போதும். மட்டமான சீரியல் செட்டு சிலது இந்த கணக்குக்கு கட்டுப்படாது, அதுக்கு 1/25 வரைக்கும் எறங்கி, பல்லக்கு நிக்கறப்ப எடுக்கறதுதான் வழி.

இதே கோடு வெயில்ல, வெட்டவெளியில, மெக்கானிக்கல் ஷட்டர்லயும் வந்தா அது லைட்டு மேல பழி போட முடியாது. சர்வீஸ்.

பாதி படம் கருப்பு

ஃப்ளாஷ் போட்டீங்களா இல்லயான்றதுதான் மொத கேள்வி.

போட்டோம்னா: கருப்பு வளைவா, கீழ நடுவுல நெழலு மாதிரி விழுந்திருந்தா கேமராவோட குட்டி ஃப்ளாஷ லென்ஸ் ஹுட்டு மறைக்குது, கழட்டிடுங்க. கருப்பு நேர் கோடா, பட்டையா இருந்தா ஷட்டர் ஸ்பீடு ஃப்ளாஷ் எல்லைய தாண்டிடுச்சு. ஆரம்பநிலை கேனான், நிக்கான் பெரும்பாலானதுல அது 1/200. கேமராவோட சொந்த ஃப்ளாஷ் போட்டா அதுவே தாண்டவிடாது, வெல கம்மியான மேனுவல் ஃப்ளாஷும், ஃப்ளாஷ தள்ளி நின்னு வெடிக்க வெக்கற ட்ரிகரும்தான் கேமராகிட்ட பேசாது, நீங்க 1/500 வெச்சாலும் சரின்னு வெடிச்சுட்டுப் போயிடும். கல்யாண மண்டபத்துல தாலி கட்டற நேரத்துல இத கண்டுபுடிச்சவன் எனக்குத் தெரியும், பாவம், சொந்த அக்கா கல்யாணம். ட்ரிகர் போட்டா 1/160லயே நில்லுங்க. ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டருக்கும் ஒத்துப்போற வசதி) இருக்கற ஃப்ளாஷா இருந்தா 1/200க்கு மேலயும் போவலாம்.

ஃப்ளாஷ் போடலன்னா: கடைசி தலைப்புக்கு போங்க, கொஞ்சம் மனச தேத்திக்கினு.

30 செகண்டு எடுத்தா கேமரா தொங்கிடுது, படத்துல கலர் கலரா புள்ளி

ரெண்டும் அண்ணன் தம்பி. ஜவ்வாது மலையில வானம் அப்டி இருக்கும், காவலூர்ல 2.3 மீட்டர் டெலஸ்கோப்ப வெச்சு 1986ல இருந்து பாத்துக்கினு இருக்காங்கன்னா சும்மாவா. அங்க நட்சத்திரம் எடுக்கப் போனவன் ஒருத்தன் மொத படத்துக்கு அப்பறம் கேமரா அரை நிமிஷம் அசையலன்னு பேட்டரிய புடுங்கிட்டான், படமும் போச்சு. அது தொங்கல, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேல செஞ்சுகினு இருந்துச்சு. நீங்க 30 செகண்டு எடுத்தா அது ஷட்டர மூடிக்கினு இன்னொரு 30 செகண்டு இருட்ட எடுத்து, அதுல தெரியற செவப்பு நீலப் புள்ளிய உங்க படத்துல இருந்து கழிக்கும். ஒத்த படம் எடுக்கறப்ப ஆன்ல இருக்கட்டும். நட்சத்திரக் கோடுக்கு நூறு படம் அடுக்கப்போறீங்கன்னா ஆஃப், இல்லனா கோடு நடுவுல நடுவுல விட்டுப்போவும்.

சென்சார் சூடாவ சூடாவ புள்ளி அதிகமாவும். நம்ம ஊரு மே மாசம் மொட்டமாடியில ராத்திரி எட்டு மணிக்கும் தரை சுடுது, அங்க வெச்சு எடுத்துட்டு சென்சார் செத்துடுச்சுன்னு சொல்லாதீங்க. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் கொஞ்சம் எடைவெளி விடுங்க. 1/100ல, நல்ல வெளிச்சத்துல எடுத்த படத்துலயும் அதே எடத்துல அதே புள்ளி இருந்தாத்தான் சர்வீஸ்ல காட்டி மறைக்கச் சொல்லணும்.

நட்சத்திரம் புள்ளியா இல்லாம சின்ன கோடா வருதுன்னா பூமி சுத்துது, அவ்ளோதான். 500அ, எம்எம்மையும் ஒன்றரையையும் பெருக்குனதால வகுங்க: 18 எம்எம்க்கு 18 செகண்டு. 30 செகண்டுக்கு மேல வேணும்னா, எல்லாத்தயும் நாமளே வெக்கற எம் மோடுல 30"ஐ தாண்டி சுத்துனா பல்பு வரும் (பட்டன அமுக்கி வெச்சிருக்கற வரைக்கும் ஷட்டர் தொறந்தே இருக்கறது), கேனான்ல சில பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமராவுக்கு) டயல்லயே தனியா இருக்கும். எஸ் மோடுல பல்பு கெடைக்காது, அங்க தேடி நேரத்த வீணாக்காதீங்க.

பேனிங்குல பின்னாடி ஓடுது, வண்டியும் சேந்து கலங்குது

பேனிங்குன்னா ஓடற வண்டியோடவே கேமராவயும் திருப்பிக்கினே எடுக்கறது. 1/15ல ஆரம்பிச்சிருப்பீங்க. 1/125ல ஆரம்பிங்க, பைக்கு சுத்தமா வந்தா 1/60, அதுவும் வந்தா 1/30. இடுப்புல இருந்து திரும்புங்க, கைய மட்டும் திருப்பாதீங்க, அழுத்துன அப்பறமும் நிறுத்தாம திரும்பிக்கினே இருங்க. இருவதுக்கு ஒண்ணு வந்தா நல்ல நாளு. இதுல ரிப்பேர்ன்னு ஒண்ணும் கெடையாது.

ஷட்டர் விழவே இல்ல, இல்லனா ஃப்ளாஷ் இல்லாமயே படம் கருப்பு

கிளிக்கே ஆவலன்னா மொதல்ல லென்ஸ் சுவிட்ச மேனுவலுக்கு தள்ளி அழுத்துங்க. விழுந்துச்சுன்னா கேமராவுக்கு ஃபோகஸ் கெடைக்காததுதான் காரணம், வெறும் வானத்தயோ வெள்ள செவுத்தயோ காட்டியிருப்பீங்க. விழலன்னா கார்டு, பேட்டரி, அப்பறம் லென்ஸ கழட்டி பின்னாடி இருக்கற பித்தள புள்ளிங்கள காஞ்ச பருத்தித் துணியால தொடச்சு திரும்ப மாட்டுங்க. ஸ்க்ரீன்ல எர்ருன்னு (Err) வந்து நிக்கறதுல நெறைய இதுலயே போயிடும். வேற லென்ஸ் மாட்டுனா சரியாவுதுன்னா பாடி தப்பிச்சுது.

படத்துல ஒரு பக்கம் இருட்டா வந்தா, பகல்ல ஜன்னலோரம் வெள்ள செவுத்துக்கு நேரா நின்னு, எம் மோடுல அப்பர்ச்சர மாத்தாம நாலு படம் எடுங்க: 1/60 ஐஎஸ்ஓ 100, 1/250 ஐஎஸ்ஓ 400, 1/1000 ஐஎஸ்ஓ 1600, 1/4000 ஐஎஸ்ஓ 6400. நாலும் ஒரே வெளிச்சமா இருக்கணும். டியூப்லைட்டுல, பல்புல எடுக்காதீங்க, பட்ட விழுந்து உங்கள ஏமாத்தும். 1/60ல சுத்தமா இருந்து 1/1000க்கு மேல ஒரு ஓரம் இருட்டிக்கினே போனா ஷட்டர் திரை ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேந்து ஓடல. இதுக்கு வீட்டு வைத்தியம் கெடையாது. அந்த திரைய விரலால தொடாதீங்க, பட்ஸு விடாதீங்க, ப்ளோயர்கூட கிட்ட வெச்சு அடிக்காதீங்க, கடுதாசி மாதிரி மெல்லிசு, மடங்குனா முடிஞ்சுது. ஷட்டர் யூனிட்டயே மாத்தணும்.

ஆரம்பநிலை நிக்கான் பாடிக்கு ஷட்டர் ஆயுசு 1 லட்சம் கிளிக்குனு சொல்றாங்க, அது காலாவதி தேதி இல்ல, அதத் தாண்டியும் ஓடறது நெறைய இருக்கு. அவசரத்துக்கு 1/500க்கு கீழயே வெச்சு கொஞ்ச நாளு ஓட்டலாம். எங்க ஆளு ஒருத்தன் அப்டித்தான் ஒரு மயானக் கொள்ளை முழுக்க 1/250லயே ஓட்டுனான், ஆடறவங்க கையெல்லாம் இழுத்துகினு வந்த அந்த படங்கதான் அவன் எடுத்ததுலயே நல்லா இருக்குன்னு நான் சொல்லுவேன், அவன் ஒத்துக்கமாட்டான்.

சர்வீசுக்கு குடுக்கறப்ப அந்த நாலு செவுத்து படத்தயும் போன்ல ஏத்திக்கினு போங்க, வாயால வெளக்கறத விட அது சீக்கிரம் புரியும். பிரிக்கறதுக்கு முன்னாடியே எஸ்டிமேட்ட கேளுங்க. அதே மாடல் செகண்டு ஹேண்டு வெலையில பாதிய தாண்டுச்சுன்னா வேணாம்னு வாங்கிக்கினு வந்துடுங்க. ரசீதுல பாடி நம்பர எழுதச் சொல்லுங்க. கார்டு, பேட்டரி, ஸ்ட்ராப்பு மூணையும் கழட்டி வீட்டுலயே வெச்சிட்டு போங்க, எனக்கு பாடி திரும்பி வந்துச்சு, ஸ்ட்ராப்பு இன்னும் வரல.